பதினேழிலிருந்து பதினேழு வரை

பதினேழாம் கிலோமீட்டர் கல்லுக்கும் அதற்கு அடுத்த கல்லுக்கும் நடுவே உள்ள சாலையை, மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்கள் ஒன்றரை நிமிடத்தில் கடக்கிறார்கள். அறுபதில் போகிறவர்களுக்கு அரை மணி நேரமும், எண்பதில் போகிறவர்களுக்கு ஒன்றரை நாளும் ஆகிறது. அந்த வழியில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர்கள் முதல் தடவையிலேயே தெரிந்துகொள்வார்கள். பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிக்கிறவர்கூட, வெளியூர் வண்டி என்று கண்டால், "அவசரமா போகணும்னா பதினேழுல மெதுவா போங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார்.

குவாரியில் தொடங்கிச் சந்தை ஊரில் முடியும் அந்தச் சாலையின் மொத்த நீளம் அறுபத்திரண்டு கிலோமீட்டர். போக ஒரு பாதை, வர ஒரு பாதை, நடுவே ஒரு வெள்ளைக் கோடு, அதுவும் பாதி இடங்களில் அழிந்துபோனது. ஜல்லி லாரி, பால் டேங்கர், பள்ளிக்கூடப் பேருந்து, மூன்று பேரைச் சுமந்த மோட்டார் சைக்கிள் எல்லாமே அந்த ஒரே தாரில்தான் போகவேண்டும். எல்லோருக்கும், முன்னால் போகிறவனை முந்தவேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் கிடையாது. பதினேழுக்கு அடுத்த கல்லைத் தாண்டியதும் ஒரு வளைவு வரும். கொக்கி வளைவு என்பார்கள். பத்து வருடத்தில் அங்கே முப்பத்தெட்டுப் பேர் செத்திருந்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் பிறகு சாலைத் துறை ஒரு எச்சரிக்கைப் பலகை வைத்தது. கடைசியில் பலகைகள் மறைத்து வளைவே கண்ணுக்குத் தெரியாமல் போனது. அந்த முப்பத்தெட்டில் இரண்டு பேர் அப்படிச் செத்தவர்கள்.

சாலைத் துறைக்குக் கிலோமீட்டர் கற்களும் பலகைகளும் எழுதிக்கொடுத்தது ஒரு பெண். வயது இருபத்தொன்பதுதான் என்றாலும் கையில் தூரிகை இருந்ததால் எல்லோருக்கும் அவள் பெயிண்டரம்மா. வருடத்துக்கு ஒருமுறை அறுபத்திரண்டு கற்களுக்கும் வெள்ளையடித்துப் பழைய எண்களை மறைத்துவிடுவாள். வெள்ளை காய்ந்ததும் முதல் கல்லில் தொடங்கி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போவாள். முந்தைய கல்லைப் பார்த்து ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான், இதற்கு எந்தக் காகிதமும் தேவையில்லை. நடுவில் சாப்பிடப் போனாலோ வீட்டுக்குப் போனாலோ, கடைசியாக எழுதிய கல்லின் காலடியில் ஒரு காலி பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து வைப்பாள். டின் இருக்கும் கல் முடிந்த கல். அந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய நேரத்தில் டின்னைக் காணவில்லை. தண்ணீர் மொள்ள நல்ல டின் என்று யாரோ கொண்டுபோயிருந்தார்கள். பதினாறு வரை எழுதினோம் என்று அவளாக முடிவு செய்துகொண்டு, கண்ணெதிரே வெறும் வெள்ளையாக நின்ற கல்லில் பதினேழு என்று எழுதினாள். நன்றாகவே எழுதினாள். அதற்குப் பின்னால், ஒரு கிலோமீட்டர் தள்ளி, காலையில் அவளே எழுதிய இன்னொரு பதினேழு காய்ந்துகொண்டிருந்தது.

இதனால் பதினேழில் தொடங்கிப் பதினேழில் முடிகிற ஒரு கிலோமீட்டர் உண்டானது. எந்தக் கணக்கிலும் வராத கிலோமீட்டர் அது. கணக்கில் இல்லாத ஒன்றுக்கு அளவு எப்படி இருக்கும்? போகிறவரின் அவசரத்தைப் பார்த்து அது தன் நீளத்தை வைத்துக்கொண்டது.

அவளுடைய கணவர் பேக்கரியின் ரொட்டி வேனை ஓட்டினார். முப்பத்திரண்டு வயது. நல்ல மனிதர், வீட்டில் எதையும் நிதானமாகச் செய்கிறவர், நகம் வெட்ட உட்கார்ந்தால் அரை நாள் ஆகும். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் மட்டும் வேறு ஆள். ஆறரைக்குள் கடைகளில் ரொட்டி இறங்கவேண்டும் என்பது பேக்கரி முதலாளியின் கட்டளை. ஆறு இருபதுக்கே இறக்கிக் காட்டுவது அவருடைய கௌரவம். மறுநாள் புதன்கிழமை விடியற்காலையில், ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் நடைவழியில் காயவைத்திருந்த ஒரு பலகையின் மேல் காலை வைத்துவிட்டார். 'பள்ளி உள்ளது, மெதுவாகச் செல்லவும்' என்று முந்தின நாள் ராத்திரி வரை உட்கார்ந்து அவள் எழுதிய பலகை. மூலையில் ஷூவின் அடி அச்சு வைத்ததுபோல விழுந்தது.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு உங்களுக்கு? இது எத்தனாவது பலகை?"

"ஈரம்னு ஒரு போர்டு வெச்சா என்ன? ஊருக்கெல்லாம் எழுதறே, வீட்டுக்கு ஒண்ணு எழுத மாட்டியா?"

அப்படியே பேச்சு வளர்ந்தது. போன வருடம் கதவு, அதற்கு முந்தின வருடம் ஜன்னல் கம்பி என்று அவர் கைவைத்த ஈரங்களையெல்லாம் அவள் பட்டியல் போட்டாள். இரண்டு வயது மகள் மட்டும் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். சண்டையில் பத்து நிமிடம் போய்விட்டது. போன நிமிடங்களைச் சாலையில் பிடித்துவிடலாம் என்று அவர் கிளம்பினார். ஆறேகாலுக்கு முதல் பதினேழைத் தாண்டும்போது வேன் நூற்றுப்பத்தில் போனதைப் பால் டேங்கர்காரர் பார்த்திருக்கிறார். இரண்டாவது பதினேழை அவர் தாண்டியதை யாரும் பார்க்கவில்லை.

முதல் மூன்று நாள் போலீஸ் தேடியது. பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார்கள், கால்வாயில் கம்பு விட்டுப் பார்த்தார்கள். ரொட்டியோடு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றும், அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்றும் சொல்லச் சிலர் இருந்தார்கள். வாய்க்குப் பூட்டா போடமுடியும். அதற்குள் மற்றவர்களுக்கும் நடக்க ஆரம்பித்தது. எண்பதில் போன தக்காளி லாரி ஒன்று மறுநாள் சாயங்காலம் வெளியே வந்தது. ஓட்டுநருக்கு நான்கு நிமிடம் ஓட்டியதாகத்தான் ஞாபகம், தக்காளிக்கும் வாட்டமில்லை. சந்தை மட்டும் முடிந்து பெருக்கியிருந்தார்கள். எழுபத்தைந்தில் போன ஒரு வேன் நிறையக் கல்யாணக் கூட்டம் அரை நாள் கழித்து வந்துசேர்ந்து, பந்தலைப் பிரிக்கிற ஆட்களிடம் பரிசுப் பொருட்களைக் கொடுத்துவிட்டுப் போனது. சாலைப் பாதுகாப்புக் கூட்டத்துக்குத் தாமதமாகிவிட்டதென்று தொண்ணூறில் விரைந்த உயரதிகாரி நான்கு மாதம் கழித்து வந்தார். அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார், அவருக்கு மாற்றல் உத்தரவு வந்து, அதை ரத்து செய்த உத்தரவும் வந்திருந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் சாலைத் துறையின் பிரிவு என்ஜினியர். இடுப்பில் எப்போதும் அளவு நாடா தொங்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் டேப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அவர் நடந்தே அளந்தபோது சரியாக ஆயிரம் மீட்டர் வந்தது. ஜீப்பில் அறுபதில் போனபோது அரை மணி ஆயிற்று. பிறகு இரண்டு கற்களையும் பார்த்தார். பெயிண்டரம்மாவை அழைத்துக் காட்டினார். அவள் பார்த்தாள். பையிலிருந்து தூரிகையை எடுத்துக்கொண்டு இரண்டாவது கல்லை நோக்கி ஓடினாள்.

டேப்பு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார். "தொடாதீங்கம்மா. அவர் உள்ளதான் இருக்கார். பஸ்காரங்க தினமும் பாக்கறாங்க. வெள்ளை வேன், முந்திக்கிட்டுப் போவுதாம். நீங்க பதினெட்டுன்னு எழுதினா இந்த கிலோமீட்டர் இருக்குமா இருக்காதான்னு எனக்குத் தெரியாது. இது இல்லாம போச்சுன்னா அவர் எங்க இருப்பார்?"

அவள் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். தன் கையால் எழுதிய எழுத்தே புருஷனைத் தின்றுவிட்டது என்று அழுதாள். அழுது ஓயும்வரை டேப்பு அளவு நாடாவை இழுப்பதும் விடுவதுமாக நின்றார். பிறகு சொன்னார், அந்தப் புதன்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கொக்கி வளைவில் சிமெண்ட் குழாய் ஏற்றிய லாரி ஒன்று கவிழ்ந்து, ஆள் உயரக் குழாய்கள் சாலைக்குக் குறுக்கே ஏழு மணி வரை கிடந்தன என்று. பனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. வேறு எந்த வண்டியும் மோதவில்லை. முதலில் வரவேண்டிய வண்டி ரொட்டி வேன்தான், அது வரவில்லை.

"அப்போ நான் தப்பா எழுதினதுதான் நல்லதா சார்?"

"கல்லுல எழுதினது தப்புதான்," என்றார் டேப்பு. வேலை விஷயத்தில் அவர் பொய் சொல்லமாட்டார். "ஆனா அவர் உயிரோட இருக்கார்."

அவர் எப்போது வெளியே வருவார் என்று கணக்கிட டேப்பு ஒரு வரைபடம் போட்டார். கீழே வேகம், பக்கத்தில் காலம். தொண்ணூறு வரை கோடு காகிதத்துக்குள் இருந்தது. அதற்குமேல் இன்னொரு காகிதம் ஒட்டினார். பிறகு சுவரில் வரைந்தார். நூற்றுப்பத்துக்கான புள்ளி கூரைக்கும் மேலே எங்கோ போயிற்று. ஆனால் அதே கோடு இன்னொன்றையும் சொன்னது: உள்ளே இருக்கும்போதே வேகம் குறைந்தால் காலமும் குறையும். நாற்பதுக்கு வந்தால் அந்த நிமிடமே வெளியே வந்துவிடலாம். அவரை மெதுவாக ஓட்டவைக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவளால் முடியாத ஒரே காரியம் அது.

இப்படித்தான் அந்தச் சாலை சீராக ஆரம்பித்தது. பிற்காலத்தில் மற்ற ஊர்களிலிருந்து என்ஜினியர்கள் குறிப்பேடும் கையுமாக வந்து, இவ்வளவு நல்ல சாலையை எந்தத் திட்டத்தில் செய்தீர்கள் என்று கேட்டபோது டேப்பு ஏதோ ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்லிவைத்தார். உண்மையில் அதெல்லாம் ஒரே ஒரு ஓட்டுநருக்காகச் செய்தது.

முதலில் பலகைகள். அவள் மனைவியாகவே எழுதிப் பார்த்தாள்: 'மெதுவாக வாருங்கள், கோபமில்லை.' மற்ற ஓட்டுநர்கள் படித்துவிட்டுக் கண்கலங்கி நாற்பதுக்கு இறங்கினார்கள். அவர் படிக்கவில்லை. அவசரத்தில் இருப்பவன் பலகை படிப்பானா? அடுத்த வருடம் சாலைக்குக் குறுக்கே தடித்த வெள்ளைப் பட்டைகளை அடித்தார்கள், ஏறினால் கடகடவென்று பல்லை ஆட்டும் பட்டைகள். மூன்றாம் வருடம் வேகத்தடை. மறுநாள் காலை அவள் போய்ப் பார்த்தபோது, தடைக்கு இருபதடி தள்ளிப் புல்லில் ஒரு பன் கிடந்தது. தூக்கிப்போட்டதில் வேனின் பின்கதவு இடுக்கு வழியாக விழுந்திருக்கவேண்டும். எடுத்தாள். சூடாக இருந்தது. அவள் அதை முந்தானையில் பொதிந்துகொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போய், மகளுக்குப் பாதி கொடுத்துவிட்டுத் தான் பாதி தின்றாள். அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்தை எழுதிமாளாது. மறுநாள் அவளே டேப்பிடம் போய், வேகத்தடையை எடுத்துவிடுங்கள், தலை கூரையில் இடிக்கும் என்றாள். எடுத்துவிட்டார்கள்.

மகள் ஐந்து வயதில் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏறினாள். பள்ளி கொக்கி வளைவுக்கு அப்பால் இருந்தது. அந்தக் கிலோமீட்டருக்குள் நுழைகிற எந்த வண்டியையும் ரொட்டி வேன் ஒருமுறை முந்தும் என்பதால், அவள் வலதுபக்க ஜன்னலில் உட்கார்ந்து தினமும் அப்பாவைப் பார்த்தாள். முதல் வருடம் ஒரு வெள்ளைக் கோடும் ரொட்டி வாசனையும் மட்டும்தான். மற்ற பிள்ளைகள் அவளுக்காக அந்த ஜன்னலை விட்டுக்கொடுத்தார்கள். வேன் தாண்டும்போது எல்லோரும் சேர்ந்தே கையாட்டுவார்கள். அவர் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் கண் எப்போதும் கடிகாரத்தில் இருந்தது.

வேன் மற்ற வண்டிகளை முந்தும் நேரத்தை வைத்து டேப்பு பதிவேட்டில் குறித்துவந்த வேகம் மெல்லக் குறைந்தது. நூற்றெட்டு, நூற்று மூன்று, தொண்ணூற்றேழு. பாதையைக் குறுக்கினார்கள், இரண்டு பக்கமும் நெருக்கமாக மரம் வைத்தார்கள், பேருந்து நிற்க ஒதுக்கிடமும் அதன் பக்கத்தில் கடக்குமிடமும் கட்டினார்கள். அவர் வெளியே வரும்போது அந்த வேகத்தில் நேராகக் கொக்கி வளைவில் விழுவார் என்று அவள் பயந்ததால் வளைவை அகலப்படுத்தி இரும்புத் தடுப்பு போட்டார்கள். வளைவைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பவும் வேண்டுமே என்று மிச்சச் சாலையையும் செய்தார்கள்: பள்ளிக்கு முன்னால் கடக்குமிடம், ஊர்களின் ஓரமாக நடைபாதை, இருண்ட இடங்களில் விளக்கு. ஷூ அச்சு விழுந்த பலகையைப் பள்ளி வாசலில் நட்டார்கள். அச்சை அழித்து எழுதச் சொன்ன தலைமையாசிரியையிடம் அவள் முடியாது என்றுவிட்டாள். ஒன்பதாம் வருடம் கணக்கெடுத்தபோது அறுபத்திரண்டு கிலோமீட்டரிலும் அந்த ஆண்டு ஒரு சாவுகூட இல்லை. ஒரு கோழி மட்டும் செத்திருந்தது, அதுவும் வயதாகி.

நடுவில் ஒரு கண்டம் வந்தது. தலைமை அலுவலகத்தில் யாரோ வரைபடத்தையும் கற்களையும் ஒப்பிட்டு, கடைசிக் கல் அறுபத்தொன்றில் முடிகிறது, ஒரு கிலோமீட்டர் எங்கே போயிற்று, இரண்டாவது பதினேழிலிருந்து எல்லாவற்றையும் உடனே திருத்தவும் என்று கடிதம் அனுப்பினார்கள். பெயிண்டரம்மா இரண்டு நாள் அந்தக் கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், சோறு தண்ணீர் கூட அங்கேதான். டேப்பு பதில் கடிதத்தில் நான்கு சந்தேகங்கள் கேட்டு, கோப்பின் மேல் பெரிதாக 'மிக மிக அவசரம்' என்று எழுதி அனுப்பினார். சாலையிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட பாடம் அது. கோப்பு இன்றுவரை திரும்பி வரவில்லை.

பத்தாம் வருடம் வேகம் தொண்ணூற்றைந்தில் வந்து நின்றுவிட்டது. இறங்க மறுத்தது. செய்வதற்கு இனி எதுவும் பாக்கி இல்லை என்று டேப்பு முதல்முறையாகச் சொன்னார். அவருக்கு ஓய்வு பெற ஒரு வருடமே இருந்தது. அன்றிரவு பெயிண்டரம்மா சாப்பிடாமல் படுத்தாள். அவள் தலையில் பாதி நரைத்திருந்தது. வெளியே வராமல்கூடப் போகலாம், தான் கிழவியாகிச் செத்தபிறகும் அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்க்கொண்டிருக்கலாம் என்று அன்றுதான் முதல்முதலாக நினைத்தாள்.

பன்னிரண்டு வயது மகள் பக்கத்தில் வந்து படுத்தாள்.

"அம்மா, நேத்து அப்பா சட்டையில மேல் பட்டன் தெரிஞ்சுது."

"நேத்தா? இன்னிக்கு?"

"இன்னிக்கு இல்ல. நீ கோடு போடற அன்னிக்கு மட்டும்தான்மா தெரியும். மறுநாள் பாத்தா மறுபடி சர்ருனு போயிடுவார்."

பெயிண்டரம்மா எழுந்து உட்கார்ந்தாள். விடிந்ததும் டேப்பின் அலுவலகத்துக்குப் போய்ப் பத்து வருடத்துப் பதிவேட்டையும் திறக்கச் சொன்னாள். வேனின் வேகம் குறைந்ததாகக் குறித்த ஒவ்வொரு தேதியிலும் அங்கே ஏதாவது வண்ணம் பூசியிருந்தார்கள்: குறுக்குப் பட்டை, ஓரக்கோடு, தடுப்புக்கு மஞ்சள் கறுப்பு. மரம் வைத்த அன்று குறையவில்லை. பாதையைக் குறுக்கியதனால் குறைந்ததாக நினைத்ததுகூட, குறுக்கிய பாதைக்குக் கோடு போட்ட அன்றுதான். வேலை நடக்கும் நாளில் வழக்கப்படி கூம்புகளோடு ஒரு சின்னப் பலகை வைப்பார்கள், 'பெயிண்ட் ஈரம்' என்று. ஊரிலுள்ள அத்தனை பலகைகளிலும் அந்த மனிதர் மதித்தது அது ஒன்றைத்தான். ஐந்து வருடம் பெயிண்டர் வாயால் வாங்கிய திட்டு வீண்போகவில்லை.

பலகையை மட்டும் நிரந்தரமாக வைத்துப் பார்த்தார்கள். முதல் நாள் குறைத்தார், இரண்டாம் நாள் நூறுக்கு ஏறிவிட்டார். காய்ந்ததையும் காயாததையும் பளபளப்பிலேயே கண்டுபிடிக்கிற ஆளை எப்படி ஏமாற்ற முடியும்? உண்மையாகவே ஈரம் வேண்டும், தினமும் வேண்டும். அப்போதெல்லாம் கோடு போட இயந்திரம் வந்துவிட்டது; உருக்கி ஊற்றினால் மூன்று நிமிடத்தில் இறுகிவிடும். அது இங்கே உதவாது. அவள் பரணிலிருந்து பழைய தூரிகைகளை இறக்கி, மெல்லக் காயும் எண்ணெய்ப் பெயிண்டைக் கலக்கினாள். டேப்பு 'தொடர் பராமரிப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளிலிருந்து அவள் முதல் பதினேழில் காலை ஐந்து மணிக்குக் குனிவாள், இரண்டாவது பதினேழில் நிமிர்வாள். கோட்டின் மேல் கோடு. முதலில் போட்டது காய்வதற்குள் திரும்பி வந்து அதன்மேல் அடுத்தது. வெயிலோ மழையோ பார்க்கவில்லை. மழையில் தார்ப்பாயைக் கம்பில் கட்டித் தானே நகர்த்திக்கொண்டு போனாள். ஏழு மாதத்தில் அந்த ஓரக்கோடு ஒரு விரல் உயரத்துக்கு வளர்ந்தது. முதுகு பிடித்துக்கொண்டது, விரல்கள் மடங்க மறுத்தன. பதறாத காரியம் சிதறாது என்று நாமெல்லாம் சொல்லிக்கொள்வோம். பதறாமலிருக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அவளைக் கேட்டால் தெரியும். ஒவ்வொரு நாளும் வேன் அவளுடைய முழங்கைக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. அவள் தலை நிமிரவில்லை, நிமிர்ந்தால் கோடு கோணும்.

சாயங்காலங்களில் மகள் கணக்குச் சொன்னாள். இரண்டாவது பட்டன். நான்கு பட்டனும். பாக்கெட்டில் பேனா, நீல மூடி. முகத்தில் ஒருநாள் மழிக்காத தாடி. "அப்பா உன்னைவிடச் சின்னவரா இருக்கார்மா." ஒருநாள் கடிகாரத்தின் முள் தெரிந்தது, ஆறு பதினாறு. அடுத்த வாரம் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சாலை ஓரத்தைப் பார்த்தார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூடப் பேருந்து நாற்பதில் போய்க்கொண்டிருந்தபோது, வேன் அதை முந்தவில்லை. பிள்ளைகள் ஜன்னலில் காத்திருந்து ஏமாந்தார்கள். மகள் எழுந்து பின்கண்ணாடிக்கு ஓடினாள். வேன் பேருந்துக்குப் பின்னால், அடக்கமாக, ஈரக் கோட்டிலிருந்து ஒரு சாண் விலகி வந்துகொண்டிருந்தது. பேருந்து இரண்டாவது பதினேழைத் தாண்டியது. வேனும் தாண்டியது. பேருந்து ஓட்டுநர் யாரும் சொல்லாமலே ஒதுக்கிடத்தில் நிறுத்தினார்.

பெயிண்டரம்மா சாலையின் மறுபக்கம், கல்லருகே தூரிகையோடு நின்றிருந்தாள். வேன் சாலையைக் கடந்து அவள் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. ரொட்டி வாசனை வந்தது. அவர் முகத்தில் அந்தப் புதன்கிழமைக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"இப்பவாவது ஈரம்னு போர்டு வெச்சியே," என்றார்.

அவர் அவளை உற்றுப் பார்த்தார். கோபம் போய்விட்டது.

"நீ எப்படி எனக்கு முன்னாடி வந்தே? இப்பதானே உன்னை வீட்டுல விட்டுட்டு வந்தேன்."

"மெதுவா வந்தேன்."

"தலையெல்லாம் என்ன இது, வெள்ளையா?"

"பெயிண்ட்," என்றாள் அவள். சொல்லிவிட்டு வேனின் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவர் இறங்கி அவள் தோளைத் தாங்கினார். அப்போதுதான் மரங்களைப் பார்த்தார். நேற்றுவரை அங்கே மரம் கிடையாது.

"பாப்பா எழுந்துட்டாளா?" என்று மெல்லக் கேட்டார்.

பேருந்திலிருந்து சீருடையில் ஒரு பெண் இறங்கி, கடக்கும் இடம்வரை நடந்து, இரண்டு பக்கமும் பார்த்து, சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். அவள் ஓடவில்லை. அந்தச் சாலையில் வளர்ந்த பிள்ளைகள் ஓடமாட்டார்கள்.

"எழுந்துட்டா," என்றாள் பெயிண்டரம்மா.

ரொட்டிகளை அன்றே இறக்கினார்கள். பட்டியலில் இருந்த பதினான்கு கடைகளில் ஆறு மூடியிருந்தன, ஒன்று செல்போன் பழுதுபார்க்கும் கடையாகியிருந்தது. அந்தக் கடைக்காரரும் கையெழுத்துப் போட்டு இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டார். பேக்கரி முதலாளியின் மகன், தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'சாலை' என்று எழுதினான். தெருவில் கொஞ்ச நாள் அக்காவும் தம்பியும் போகிறார்கள் என்று கிண்டல் செய்தார்கள், பிறகு பழகிவிட்டது. அவர் இப்போதும் அதே வேனைத்தான் ஓட்டுகிறார், முப்பத்தெட்டில். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்தால் கையைக் காட்டி முந்திப் போகச் சொல்வார்.

வருடத்துக்கு ஒருமுறை கற்களுக்கு எண் எழுதும் நாளில் அவர் லீவு போடுவார். பதினாறு முடிந்ததும் முதல் பதினேழை அவள் எழுதுவாள், காலடியில் டின்னைக் கவிழ்ப்பாள். யாரும் எடுத்துக்கொண்டு போகாமலிருக்க அவர் அதன்மேலேயே உட்கார்ந்துகொள்வார், மடியில் 'பெயிண்ட் ஈரம்' பலகையை வைத்தபடி. அவள் தூரிகையை எடுத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்து போய், அடுத்த கல்லின் வெள்ளை காய்ந்துவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்து, அதிலும் பதினேழு என்று எழுதிவிட்டு வருவாள்.